அவன் அவளை ‘நீ’ என்றானா, ‘நீங்க’ என்றானா?

போன வருடம் சித்திக்கு இரண்டு கண்ணிலும் அடுத்தடுத்துக் கண்புரை ஆபரேஷன் நடந்தது. கறுப்புக் கண்ணாடியும் சொட்டு மருந்துமாக ஒன்றரை மாதம் எங்கள் வீட்டில்தான் இருந்தார். வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைக் கிழித்தெடுத்து, ஊசிநூலால் தைத்து, அட்டை போட்டு வைத்துக்கொண்ட தலைமுறை அவர். கொஞ்ச நாள் கண்ணுக்கு ஓய்வு கொடுங்கள் என்று சொன்னதும் வாடிப் போய்விட்டார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் நான் கட்டிலில் சாய்ந்து போனைத் தள்ளிக்கொண்டே இருப்பதை இரண்டு நாள் கவனித்துவிட்டு, மூன்றாம் நாள் கேட்டார்.

“அப்படி என்னத்தடி படிக்கிற தினமும்?”

“கொரியாக்காரங்க கதை சித்தி. படம் படமா கீழ போய்க்கிட்டே இருக்கும். காதல் கதை.”

“காதல் கதைதானே, எனக்கும் சொல்லு.”

அப்படித்தான் ஆரம்பித்தது. வெப்டூன் படிக்கத் தொடங்கி எனக்கு ஆறு வருடம் ஆகிறது. எல்லாமே ஆங்கில மொழிபெயர்ப்பில்தான். கொரியாவில் டாம் தளம் 2003-லும் நேவர் தளம் 2004-லும் இந்தப் படக்கதைகளைத் தொடங்கின. நேவர் 2014-ல் ஆங்கிலத்தில் இறங்கியது. இன்றைக்கு அந்தச் செயலியில் தாய், இந்தோனேசியா, ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன் எல்லாம் உண்டு, தமிழ் இல்லை. அதனால் நான் ஆங்கிலத்தில் படித்து, மனதுக்குள் தமிழாக்கி, சித்திக்கு வாய்விட்டுச் சொல்வேன். படத்தில் யார் எங்கே நிற்கிறார்கள், முகம் எப்படி இருக்கிறது, மழை பெய்கிறதா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதலில் எடுத்துக்கொண்டது ஒரு அலுவலகக் காதல் கதை. அவன் டீம் லீடர். அவள் அவனுக்குக் கீழே வேலை பார்ப்பவள். நான்காவது நாள் ராத்திரி ஒரு நல்ல காட்சி வந்தது. வேலை முடிந்து எல்லாரும் போன பிறகு அவள் தனியாக பஸ் ஸ்டாப்பில் நிற்கிறாள். அவன் குடையோடு வந்து பக்கத்தில் நிற்கிறான். இரண்டு கட்டம் சும்மா மழை மட்டும். பிறகு அவன் கேட்கிறான், சாப்பிட்டாயிற்றா என்று. நான் சொல்லி முடிப்பதற்குள் சித்தி கையைத் தூக்கி நிறுத்தினார்.

“இருடி. அவன் அவளை ‘சாப்டியா’ன்னானா, ‘சாப்டீங்களா’ன்னானா?”

எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் ‘யூ’ என்றுதான் இருந்தது. முதலாளிக்கும் ‘யூ’, பிள்ளைக்கும் ‘யூ’. “ஆபீஸ்ல பெரிய ஆளு, ‘சாப்டீங்களா’ன்னுதான் கேட்டிருப்பான்” என்று நானாக ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போனேன். இரண்டு எபிசோடு தள்ளி அந்த ஊகம் உடைந்தது. அவளுடைய தோழி இவர்கள் இருவரும் பேசுவதைக் கேட்டுவிட்டு, “நீங்க ரெண்டு பேரும் எப்போ இவ்வளவு நெருக்கமானீங்க?” என்று கண்ணை உருட்டுகிறாள். அவர்கள் பேசியதோ பிரிண்டர் பேப்பர் பற்றி. அதில் என்ன நெருக்கத்தைக் கண்டாள் என்று எனக்கு விளங்கவில்லை. சித்திக்கும் விளங்கவில்லை. “நடுவுல ஏதோ விட்டுப்போச்சு. நீ சரியாப் பாரு” என்றார்.

விட்டுப்போனது உண்மைதான். அதைத் தேடிப் போனதில் நான் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் கொரியக் காதல் கதை படிக்கிற தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். நமக்குக் கையிலேயே இருக்கிற ஒரு சாவியை நாம் எடுத்துப் பார்ப்பதே இல்லை என்பது என் ஆதங்கம்.

நேவரின் கொரியத் தளத்தில் அதே கதையைத் தேடி எடுத்தேன். கொரிய எழுத்து படிக்கத் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். 15-ஆம் நூற்றாண்டில் மன்னர் சேஜோங் உருவாக்கி 1446-ல் வெளியிட்ட ஹங்குல் எழுத்துமுறையில் அடிப்படை எழுத்து 24 மட்டுமே: மெய் 14, உயிர் 10. மெய்யும் உயிரும் சேர்ந்து ஒரு கட்டத்துக்குள் உட்காரும். உயிர்மெய் படித்து வளர்ந்த நமக்கு அது புதிதே இல்லை. ஒரு சனி ஞாயிறு போதுமாக இருந்தது எனக்கு, தட்டுத் தடுமாறி வாசிக்க. பொருள் தெரியாது, ஒலி மட்டும் தெரியும். ஆனால் எனக்குத் தேவைப்பட்டது பேச்சுக் குமிழியின் கடைசி எழுத்து ஒன்றுதான்.

கொரிய மொழியில் வினைச்சொல் நம்மைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வரும். மரியாதையும் அதன் வாலில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். ‘யோ’ என்று முடிந்தால் மரியாதைப் பேச்சு. ‘நிதா’ என்று முடிந்தால் இன்னும் விறைப்பான, ஆபீஸ் மீட்டிங் மரியாதை. இரண்டும் இல்லாமல் மொட்டையாக முடிந்தால் உரிமைப் பேச்சு. மரியாதைப் பேச்சுக்கு ஜொந்தேன்மல் என்று பெயர். உரிமைப் பேச்சுக்கு பன்மல். பன்மல் என்றால் சொல்லுக்குச் சொல் ‘பாதிப் பேச்சு’. வாலை நறுக்கிய பேச்சு என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த ‘யோ’ எழுத்தை எழுத்துப் படிக்காமலேயே கண்டுபிடித்துவிடலாம். மேலே ஒரு சின்ன வட்டம். அதற்குக் கீழே பக்கத்தில் பக்கத்தில் இரண்டு குட்டைக் குச்சிகள். குச்சிகள் நிற்பதற்கு ஒரு படுக்கைக் கோடு. கோலத்தில் வைக்கிற அகல்விளக்கு மாதிரி இருக்கும். இது பேச்சுக் குமிழியின் கடைசியில் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இருந்தால் பெரும்பாலும் ‘நீங்க’. திடீரென்று ஒரு நாள் இல்லாமல் போனால், கதையில் ஏதோ நடந்துவிட்டது.

அந்த மழைக் காட்சிக்குத் திரும்பிப் போனேன். அதுவரை அலுவலகத்தில் அவன் அவளிடம் சொன்ன ஒவ்வொரு வரியும் ‘யோ’வில்தான் முடிந்திருந்தது. பஸ் ஸ்டாப்பில் அவன் கேட்டது “பப் மொகொஸ்ஸொ?” சோறு சாப்டியா. வால் இல்லை. முதல் தடவையாக வால் இல்லை. அந்தக் கேள்விக்கு முன்னால் ஏன் இரண்டு கட்டம் மழையை மட்டும் வரைந்தார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. அவன் அந்த ஒரு வாலை விடலாமா வேண்டாமா என்று நின்றிருக்கிறான். காதலைச் சொல்லும் காட்சி பத்து எபிசோடு கழித்து வருகிறது. ஆனால் உண்மையில் அவன் சொன்னது அந்த பஸ் ஸ்டாப்பில்தான். தோழி பிரிண்டர் பேப்பர் பேச்சில் கேட்டதும் அந்த வாலில்லாத பேச்சைத்தான்.

மறுநாள் சித்தியிடம் போய், “சாப்டியான்னுதான் கேட்டிருக்கான்” என்றேன். சித்தி கறுப்புக் கண்ணாடிக்குள்ளேயே சிரித்தார். “நான் நினைச்சேன்” என்றார்.

அதற்குப் பிறகு நான் படிக்கிற விதமே மாறிப்போயிற்று. சில கதாநாயகர்கள் மேல் எனக்கிருந்த அபிப்பிராயமும் மாறியது. ஆங்கிலத்தில் படித்தபோது துடுக்கான, வசீகரமான பையனாகத் தெரிந்த ஒருவன், கொரியத்தில் பார்த்தால் முதல் சந்திப்பிலேயே முன்பின் தெரியாத பெண்ணிடம் பன்மலில் பேசுகிறான். அவள் ‘யோ’ போட்டுப் பேசுகிறாள், அவன் அவளை ‘நீ வா போ’ என்கிறான். கடையில் வேலை செய்கிற பெரியவரிடமும் அப்படியே. நம் ஊரில் ஒருத்தன் அப்படிப் பேசினால் அவனை எந்த இடத்தில் வைப்போமோ, அங்கேதான் கொரிய வாசகரும் வைக்கிறார். ஆங்கில வாசகருக்கு அந்தத் தகவல் போய்ச் சேரவே இல்லை. அதே போல, ஆங்கிலத்தில் மரக்கட்டை மாதிரி இருந்த இன்னொருவன், கொரியத்தில் தன்னைவிட எட்டு வயது சின்னவளிடமும் ஒரு முறை கூட ‘யோ’வை விடாதவன். அது கண்ணியம். ஒரு காதல் கதை நன்றாக இருக்கிறதா என்று முடிவு செய்வதற்கு முன்னால் அவன் அவளிடம் எப்படிப் பேசுகிறான், மற்றவர்களிடம் எப்படிப் பேசுகிறான் என்று பார்த்துவிடுங்கள். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், பேச்சில் மரியாதை இல்லாதவனை நாயகன் என்று வைக்கிற கதையை நான் இப்போது மூன்று எபிசோடுக்கு மேல் தொடுவதில்லை.

கூப்பிடுகிற பெயர்களும் இப்படித்தான். ஒப்பா என்ற சொல் கொரிய நாடகம் பார்த்த எல்லாருக்கும் தெரியும். பெண் தன் அண்ணனைக் கூப்பிடுவது. தன்னைவிடப் பெரிய ஆண் நண்பனையும், காதலனையும் அதே சொல்லால் கூப்பிடலாம். ஆங்கில மொழிபெயர்ப்பில் பல இடங்களில் இதை எடுத்துவிட்டு ஆள் பெயரைப் போட்டுவிடுகிறார்கள். அவள் முதல் முறை ஒப்பா என்று கூப்பிட்டதும் அவன் காதுமடல் சிவக்கிறது; ஆங்கிலத்தில் வெறும் பெயரைக் கூப்பிட்டதற்கு ஏன் இப்படிச் சிவக்கிறான் என்று வாசகர் குழம்புகிறார்.

தமிழில் இதை எப்படிச் சொல்வது என்று சித்தியிடம் மல்லுக்கட்டினேன். அண்ணா என்று போட்டேன். சித்தி பதறிப்போய், “கருமம், அண்ணான்னு கூப்பிட்டுட்டு அவனையே கட்டிக்கறதா?” என்றார். “அப்போ அத்தான்?” என்றேன். அது சித்திக்குப் பிடித்துப் போயிற்று. ஆனால் எனக்கு உறுத்தியது. அத்தான், மாமா என்றாலே நமக்கு முறை வந்துவிடுகிறது. அத்தை பிள்ளை, மாமன் மகன் என்ற உறவு கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வந்து நிற்கிறது. கொரியாவில் அது ஆகவே ஆகாது. ஒரே குடும்பப் பெயரும் ஒரே பூர்வீகமும் உள்ளவர்கள் எத்தனை தலைமுறை தள்ளியிருந்தாலும் கல்யாணம் செய்யக் கூடாது என்று அங்கே சட்டமே இருந்தது. 1997-ல் அரசியலமைப்பு நீதிமன்றம் அது செல்லாது என்றது, 2005-ல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். நெருங்கிய சொந்தத்தில் இன்றும் முடியாது. அப்படிப்பட்ட ஊர்க் கதையில் அத்தான் என்று எழுதினால் பொய் சொன்ன மாதிரி. கடைசியில் ஒப்பாவை ஒப்பாவாகவே விட்டுவிட்டேன். இரண்டு நாளில் சித்திக்குப் பழகிவிட்டது. நல்ல சொல்லாக இருந்தால் வாசகர் கற்றுக்கொள்வார் என்பதில் எனக்கு அன்றிலிருந்து சந்தேகம் இல்லை.

சொன்பே மட்டும் சுலபம். படிப்பிலோ வேலையிலோ நமக்கு முன்னால் சேர்ந்தவர். ‘சீஸ் இன் த ட்ராப்’ என்ற புகழ்பெற்ற வெப்டூன் 2010-லிருந்து 2017 வரை நேவரில் வந்தது. அதில் ஹோங் சொல் என்ற பெண், யூ ஜோங் என்பவனைக் காதலிக்கத் தொடங்கிய பிறகும் சொன்பே என்றே கூப்பிடுவாள். கல்லூரியில் ‘சீனியர்’ என்று கூப்பிட்டுப் பழகியவர்களுக்கு அந்த இடைவெளி என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டாம். அவள் அவனை முழுதாக நம்பவில்லை, ஒரு எட்டு தள்ளியே நிற்கிறாள் என்ற கதையின் பயமே அந்தச் சொல்லில் தொங்குகிறது.

சரி, இனி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன். கொரியத்தில் ‘ஜொஅஹேயோ’ என்று ஒரு சொல். ஆங்கிலத்தில் ‘ஐ லைக் யூ’ என்று வரும். யாருக்கு, யாரை என்று ஆங்கிலம் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் கொரியத்தில் அந்தச் சொல்லில் நானும் இல்லை, நீயும் இல்லை. நம் ‘பிடிச்சிருக்கு’ மாதிரியேதான். ஒரு கதையில் அவன் காபி வாங்கி வந்து கொடுத்துவிட்டு, பிடிச்சிருக்கா என்று கேட்கிறான். அவள் கோப்பையைப் பார்க்காமல் அவனைப் பார்த்து, பிடிச்சிருக்கு என்கிறாள். அவன் கோப்பையைப் பார்க்கிறான். அவள் அவசரமாக, காபி, காபி என்கிறாள். ஆங்கில மொழிபெயர்ப்பாளர் பாவம், ‘ஐ லைக் இட்’ என்று போடுவதா ‘ஐ லைக் யூ’ என்று போடுவதா என்று ஒன்றைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும். எதைப் போட்டாலும் காட்சி செத்துவிடும். அவர் ‘ஐ லைக்…’ என்று மூன்று புள்ளி வைத்திருந்தார். கெட்டிக்காரத்தனமான தீர்வு, ஆனாலும் அவள் தடுமாறி நிறுத்தியதாக ஆகிவிட்டது. கொரியத்தில் அவள் தடுமாறவில்லை, முழு வாக்கியம் சொல்லிவிட்டாள். தமிழில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. “பிடிச்சிருக்கு.” அவ்வளவுதான். சித்தி “ஐயோ” என்று தலையணையில் அடித்தார்.

பிடிச்சிருக்கு என்பதற்கும் காதலிக்கிறேன் என்பதற்கும் உள்ள தூரமும் இரண்டு மொழியிலும் ஏறக்குறைய ஒன்றுதான். கொரியத்தில் ‘சரங்ஹே’ என்பது கனமான சொல். எளிதில் எடுக்க மாட்டார்கள். ‘சக்விதா’ என்று நடுவில் ஒரு சொல் இருக்கிறது, ஆங்கிலத்தில் ‘டேட்டிங்’ என்று வரும். தமிழில் ‘லவ் பண்றாங்க’ என்றால் அதிகம். ‘டேட்டிங்’ என்றால் சித்திக்கு ஹோட்டல் மாதிரிக் கேட்கிறது. யோசித்து யோசித்து ‘பழகறது’ என்று போட்டேன். “நாம பழகலாமா?” கொரியத்தில் அதைச் சொல்லி ஒத்துக்கொண்ட நாளை ஒன்றாம் நாள் என்று எண்ணத் தொடங்குவார்கள், நூறாம் நாள் கொண்டாடுவார்கள். ‘இன்னிலேர்ந்து ஒண்ணாம் நாள்’ என்ற வரி வந்தால் அதன் அர்த்தம் இதுதான்.

ஒலிச் சொற்களைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. வெப்டூன் கட்டங்களில் பேச்சுக்கு வெளியே, ஓரத்தில் சாய்வாகப் பெரிய எழுத்துகள் இருக்கும். இதயம் அடித்தால் ‘துகுன் துகுன்’. மின்னினால் ‘பன்ச்சக் பன்ச்சக்’. சத்தம் வராமல் நடந்தால் ‘சல்கும் சல்கும்’. ஆங்கிலத்தில் இதற்கு நேரான சொல் குறைவு. அதனால் வினைச்சொல்லையே ஒலியாக எழுதிவிடுகிறார்கள்: அவள் தலைக்கு மேல் ‘ஃப்ளிஞ்ச்’, அவன் கண் பக்கத்தில் ‘ஸ்டேர்’. ஆறு வருடமாக அது எனக்கு ஒட்டாமலே இருந்தது. சித்திக்குச் சொல்லும்போதுதான் தெரிந்தது, நம்மிடம் இது கொட்டிக் கிடக்கிறது என்று. படபட, திக்திக், மினுமினு, குறுகுறு. இரட்டைக்கிளவி என்று எட்டாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதியதெல்லாம் இங்கே உயிரோடு வந்து நிற்கிறது. ஒற்றையாக வருவதற்கும் உண்டு. ‘பொல்தொக்’ என்றால் உட்கார்ந்திருந்தவர் ஒரே அடியாக எழுந்துவிடுவது. விருட்டென்று. ‘மொம்ச்சிட்’ என்றால் போகிற கை நடுவில் சட்டென்று நின்றுவிடுவது. அவள் கையைப் பிடிக்கப் போன அவன் விரல்கள் நகக்கண் அளவு தூரத்தில் நிற்கிற ஒரு கட்டம். பேச்சு ஒன்றும் இல்லை. ஓரத்தில் அந்த ஒரு சொல் மட்டும். ஆங்கிலத்தில் ‘பாஸ்’ என்று போட்டிருந்தார்கள். நான் சித்தியிடம் எதுவும் சொல்லவில்லை. என் கையை அவர் கைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திக் காட்டினேன்.

இப்படிச் சொல்லிக்கொண்டே போனால் கொரியம் தமிழிலிருந்து வந்தது என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. ‘அப்பா’வும் ‘இரி வா’ என்பதில் வருகிற ‘வா’வும் கேட்கும்போது எனக்கும் சிலிர்க்கத்தான் செய்தது. ஆனால் நாலு சொல் ஒத்துப்போவதை வைத்து உறவு கொண்டாட முடியாது. நமக்கு உதவுவது சொல் இல்லை, வாக்கியத்தின் நடை: வினை கடைசியில் வருவது, எழுவாயை விட்டுவிட்டுப் பேசுவது, மரியாதை வாலில் ஒட்டுவது, உறவுப் பெயரால் கூப்பிடுவது.

கதைத் தலைப்புகளில்கூட இது தெரியும். நெட்ஃபிளிக்ஸில் 2019-ல் தொடராக வந்த ‘லவ் அலாரம்’ முதலில் ச்சொன் க்யே-யோங் எழுதிய வெப்டூன். பத்து மீட்டருக்குள் நம்மை விரும்புகிறவர் வந்தால் போனில் மணி அடிக்கும் என்பது கதை. கொரியத் தலைப்பின் நேர்ப்பொருள் ‘பிடித்தால் ஒலிக்கிற’. அப்படியே பெயரெச்சமாக, பின்னால் எந்தப் பெயர்ச்சொல்லும் இல்லாமல் தொங்கும். ஒலிக்கிற எது? மணியா, மனதா? ஆங்கிலம் அதற்கு ஒரு பெயர்ச்சொல் கொடுத்து மூடிவிட்டது. இன்னொன்று, 2022-ல் தொடராக வந்த ‘பிசினஸ் ப்ரபோசல்’. கொரியத் தலைப்பில் இருக்கிற மத்சொன் என்ற சொல், கல்யாணத்தை மனதில் வைத்து வீட்டார் ஏற்பாடு செய்கிற சந்திப்பு. நண்பர்கள் அறிமுகம் செய்து வைப்பதற்கு வேறு சொல், சோகேதிங். ஆங்கிலத்தில் இரண்டும் ‘ப்ளைண்ட் டேட்’. பெண் பார்க்க வருவதற்கும் ஃப்ரெண்டு அறிமுகம் செய்வதற்கும் வித்தியாசம் தெரியாத தமிழர் உண்டா? ஆனால் ‘ப்ரபோசல்’ என்ற சொல்லில் வியாபாரத்தையும் கல்யாணத்தையும் ஒன்றாகப் பிடித்த அந்த ஆங்கிலத் தலைப்பை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

மொழிபெயர்ப்பாளர்களைக் குறை சொல்வது என் நோக்கமே இல்லை. வாராவாரம் எபிசோடு வர வேண்டும்; கொரியத்தில் மூன்று கட்ட எழுத்துக்கு வரைந்த குமிழிக்குள் ஆங்கில வாக்கியத்தை அடைக்க வேண்டும். அதற்குள் அவர்கள் செய்கிற நுணுக்கங்கள் எனக்கு இப்போதுதான் கண்ணில் படுகின்றன. ஒரு கதையில் முதல் இருபது எபிசோடு நாயகன் ‘ஐ ஆம்’, ‘டு நாட்’ என்று முழுசாகவே பேசுகிறான். இருபத்தொன்றாவதில் ‘ஐம்’, ‘டோன்ட்’ என்று சுருங்குகிறது. கொரியத்தை ஒப்பிட்டுப் பார்த்தேன். சரியாக அந்த இடத்தில்தான் அவன் ‘யோ’வை விட்டிருந்தான். யாரென்று தெரியாத அந்த மொழிபெயர்ப்பாளரை நினைத்து எனக்குக் கண் கலங்கியது. வாசகர் கவனிக்காமலே போகலாம் என்று தெரிந்தும் செய்திருக்கிறார். ஜப்பானில் வேறு வழி: பல கொரியக் கதைகளில் பாத்திரப் பெயர்களையே ஜப்பானியப் பெயர்களாக்கி, கதை ஜப்பானில் நடப்பதாக மாற்றிவிடுவார்கள். எனக்கு அது ஒப்பவில்லை. சியோல் தெருவும் ஹான் நதியும் படத்தில் இருக்கும்போது அது சியோலாகவே இருக்கட்டும்.

திருட்டுத் தளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. நானும் முதல் வருடம் அங்கேதான் படித்தேன். இப்போது அங்கே பாதிக்கு மேல் இயந்திர மொழிபெயர்ப்பைக் கைபடாமல் போடுகிறார்கள். கொரியத்தில் அவன், அவள் என்று பெரும்பாலும் சொல்லவே மாட்டார்கள். சூழலில் புரிந்துகொள்ள வேண்டியதுதான். இயந்திரம் ஊகிக்கும்போது அம்மா ‘ஹி’ ஆகிறாள், காதலன் ‘ஷி’ ஆகிறான். ஒரு முக்கோணக் காதல் கதையில் யார் யாரை விட்டுப் போனார்கள் என்றே தெரியாமல் நாற்பது எபிசோடு தப்பாகப் புரிந்து படித்திருக்கிறேன். வரைந்தவருக்கும் ஒரு காசு போவதில்லை. விட்டுவிட்டேன்.

இந்த அவன் அவள் சிக்கல் தமிழுக்கும் உண்டு. வந்தான், வந்தாள் என்று வினையிலேயே தெரிந்துவிடும். முகம் காட்டாமல் குறுஞ்செய்தி அனுப்பும் ஒருவர் ஆணா பெண்ணா என்பதே ரகசியமாக இருந்த ஒரு கதையில் நான் திணறினேன். சித்திதான் வழி சொன்னார். “அவங்கன்னு சொல்லேன். அனுப்பினாங்க, கேட்டாங்கன்னா யாருக்குத் தெரியப்போவுது?” மரியாதைப் பேச்சுக்குள் ஆளையே ஒளித்து வைத்துவிடலாம் என்று எனக்கு அதுவரை தோன்றவில்லை.

காசு விஷயத்தில் நான் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். செயலிகளில் பழைய எபிசோடுகள் காத்திருந்தால் இலவசம். ககாவோ என்ற நிறுவனம் 2014-லேயே கொரியாவில் தொடங்கிய வழக்கம் அது. காத்திருக்க முடியாதவர்கள் நாணயம் வாங்கித் திறக்கலாம். ஒரு ராத்திரி, கதை உச்சத்தில் நின்றபோது, ஒவ்வொன்றாகத் திறந்து விடியற்காலை மூன்று மணிக்குப் பார்த்தால் 1,800 ரூபாய் போயிருந்தது. காசு போனதைவிட, அவ்வளவு அவசரமாகப் படித்ததில் ஒரு காட்சியும் மனதில் நிற்கவில்லை என்பதுதான் வருத்தம். இப்போது மாதம் ஒரு கதைக்கு மட்டும் காசு. முடிந்த கதையை மட்டும் காசு கொடுத்து வாங்குவேன். மற்றதெல்லாம் வாரம் ஒன்று. தொடர்கதைக்கு வியாழக்கிழமை வரைக்கும் காத்திருந்த சித்திக்கு இதில் ஒரு சிரமமும் இல்லை.

ராஜகுமாரி, டியூக் கதைகள் பக்கமும் ஒரு முறை போனோம். ‘ரொமான்ஸ் ஃபேன்டஸி’யைச் சுருக்கி ரோபான் என்பார்கள். இன்றைய பெண் ஒருத்தி தான் படித்த நாவலுக்குள் இருக்கிற வில்லியின் உடம்பில் கண் விழிப்பாள். ஆங்கிலத்தில் இதற்கு ‘டிரான்ஸ்மைக்ரேஷன்’ என்று ஒரு சொல்லைப் போட்டு விளக்கமும் கொடுக்கிறார்கள். நான் விளக்கம் சொல்ல வாயைத் திறந்தேன். “கூடு விட்டுக் கூடு பாயறதுதானே, மேல சொல்லு” என்றார் சித்தி.

அந்த உற்சாகத்தில் ஒரு எபிசோடை முழுசாகத் தமிழில் செய்து பார்ப்போம் என்று, வீட்டுக்குள் மட்டும், போனிலேயே ஆங்கிலத்தை அழித்துத் தமிழைப் பொருத்தினேன். ‘பிடித்திருக்கிறது’ குமிழிக்கு வெளியே வழிந்தது. ‘பிடிச்சிருக்கு’ உட்கார்ந்தது. எழுத்தைச் சின்னதாக்கினால் சித்தியால் படிக்க முடியாது. அதனால் குமிழிக்குள் பேச்சுத் தமிழ், குமிழிக்கு வெளியே மனக்குரலுக்கு எழுத்துத் தமிழ் என்று வைத்துக்கொண்டேன். முத்து காமிக்ஸ் 1972-லும் லயன் காமிக்ஸ் 1984-லும் தொடங்கி, வெளிநாட்டுச் சித்திரக்கதைகளைத் தமிழில் பேச வைத்தவை. மாமா வீட்டுப் பரணில் இருந்ததை எடுத்துப் பார்த்தேன். ஒரு வரியை எங்கே உடைப்பது என்பதை அவற்றிலிருந்துதான் கற்றேன்: பெயரெச்சத்தையும் பெயரையும் பிரிக்காதே, வினையைத் தனி வரியில் விடு.

அந்த எபிசோடில்தான் அந்த அலுவலகக் கதையின் நாயகி பேச்சை மாற்றுகிறாள். பஸ் ஸ்டாப்பில் அவன் வாலை விட்டு நாளாகிவிட்டது. அவள் மட்டும் ‘டீம்ஜாங்நிம்’ என்று பதவிப் பெயரோடு ‘யோ’ போட்டுக்கொண்டே இருக்கிறாள். மாடிப்படியில் உட்கார்ந்து நாளெல்லாம் யோசித்துவிட்டு அவனிடம் கேட்கிறாள். கொரியத்தில் பேச்சை இறக்கி வைக்கட்டுமா என்று கேட்பார்கள். தலைச்சுமையை இறக்குகிற மாதிரி. ஆங்கிலத்தில் ‘கேன் ஐ டாக் கேஷுவலி?’ நான், “நீன்னு கூப்பிடட்டுமா?” என்று போட்டிருந்தேன்.

கண்ணாடி மாற்றி வந்த மறுநாள் சித்தி அதைத் தானே படித்தார். அந்தக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டு, “கேட்டுட்டு யாருடி கூப்பிடுவா? தானா வாயில வந்துரணும். உங்க சித்தப்பா கல்யாணமாகி ஒரு மாசம் என்னை நீங்க, வாங்கன்னுதான் பேசினார். பஸ் ஸ்டாண்டுல கூட்டத்துல பஸ் கிளம்பிருச்சு, நான் கீழயே நிக்கறேன். ‘ஏய், நீ ஏறு முதல்ல’ன்னு கையப் பிடிச்சு இழுத்தார். அன்னியோட நீங்க போச்சு” என்றார்.

“அவர் உங்களை நீன்னுட்டார். நீங்க அவரை?”

சித்தி பதில் சொல்லவில்லை. கட்டத்தை மேலே தள்ளி, மாடிப்படியில் அவள் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படத்துக்கு மறுபடி வந்தார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேக்கறதும் நல்லாத்தான் இருக்கு” என்றார். “அவன் என்ன சொன்னான்?”

அடுத்த எபிசோடு வியாழக்கிழமைதான் திறக்கும் என்றேன்.